முதல்வர் காப்பீட்டு அட்டை: இல்லாதவருக்கு எடுத்துக் கொடுப்பது எப்படி

துறையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 16 வருடமாகிறது. கடைக்கு வருகிறவர் மேசையில் காகிதத்தை வைக்கும்போதே அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வந்தால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். பட்டாவும் சிட்டாவும் வந்தால் கடன் வாங்கப் போகிறார்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கவரும் சேர்ந்து வந்தால், வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள். "இன்சூரன்ஸ் அட்டை எடுக்கணும்க்கா, இன்னைக்கே கிடைச்சிடுமா?" என்பார்கள்.

பல நேரம் கிடைத்துவிடும். கிடைக்காமல் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களில், வயலுக்கு வருகிறவர்களில் இந்த அட்டை இல்லாத குடும்பம் நிச்சயம் இருக்கும். அவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூன்று நான்கு நாள் நேரமும், காகிதத்தைப் பொறுமையாகப் படிக்கிற கண்ணும் இருந்தால் போதும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் மாமனார். 2013-ல் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். 1,60,000 ரூபாய் கட்டினோம். கறவையில் இருந்த இரண்டு மாடுகளை விற்றோம், என் நகையை அடகு வைத்தோம், மீதிக்கு வட்டிக்கு வாங்கினோம். மாமனார் கூலி வேலைக்குப் போகிறவர். காப்பீட்டுக்கு எல்லாத் தகுதியும் அவருக்கு இருந்தது. எங்களுக்குத் தெரியாது. பணம் வாங்கியவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால், "இங்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை அளிக்கப்படும்" என்று எழுதிய பலகையைப் பார்த்தேன். வட்டிக்கு வாங்கியதை அடைக்க நான்கு வருடம் ஆயிற்று. அந்தப் பலகையை இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திட்டத்தின் முழுப்பெயர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை இன்னும் சிலர் பத்திரமாகக் கொண்டு வருகிறார்கள். அது செல்லாது, ஆனால் அவர்களிடம் அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். 15 வருடத்துக்கு மேல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய அட்டை அது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை இதோடு இணைத்தார்கள். இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டிவிடுகிறது, நாம் கட்டுவதற்கு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அட்டை எடுத்துத் தருகிறேன் என்று ஐநூறு, ஆயிரம் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

யாருக்குக் கிடைக்கும்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்தது. அந்தக் காலத்தில் "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வெளி மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்கிறவர்களும் தொழிலாளர் துறைச் சான்றோடு சேரலாம். பீகாரிலிருந்து வந்த தம்பி ஒருவர் தன் ஊரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டையைச் செல்போனில் காட்டினார். அது இங்கேயும் செல்லும், புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் முக்கியமான இடம். காப்பீட்டு அட்டை வேலை என்பது முக்கால்வாசி ரேஷன் கார்டு வேலை. ரேஷன் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். பெயர் இல்லாவிட்டால், பெற்ற பிள்ளையாக இருந்தாலும், கட்டிய மனைவியாக இருந்தாலும், திட்டத்தின் கணக்கில் அவர் இல்லை. அதனால் உதவி கேட்டு யாராவது வந்தால் நான் முதலில் வருமானத்தைக் கேட்பதில்லை. "கார்டைக் கொடுங்க, வீட்டில் யாரெல்லாம் சாப்பிடுறீங்க சொல்லுங்க" என்பேன். அவர்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, கார்டில் இருக்கிற பெயரோடு ஒப்பிட்டுப் பென்சிலால் டிக் போடுவேன். டிக் விழாத பெயர் ஒன்றாவது வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கொத்தனாரின் மனைவி வந்தார். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. அங்கன்வாடிக்குச் சோதிக்க வந்த டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு, திருச்சிக்குக் கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். எக்கோ எடுத்ததில் இதயத்தில் ஓட்டை. அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்றார்களாம். அவர்களிடம் காப்பீட்டு அட்டை இருந்தது. 2016-ல் எடுத்தது, பிளாஸ்டிக் உறைக்குள் புதிது போல இருந்தது. கணவர் பெயர், மனைவி பெயர், மாமியார் பெயர் எல்லாம் இருந்தன. மூத்த பையன் இருந்தான். இந்தக் குழந்தை இல்லை. ரேஷன் கார்டிலும் இல்லை. "பையனுக்குச் சேர்த்தோம், இவளுக்குச் சேர்க்கணும்னு நினைச்சிட்டே இருந்தோம்க்கா" என்றார். அந்தக் குழந்தை என் மேசை மேல் இருந்த பஞ்சிங் மிஷினை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் இதுதான் வழி. குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்தோம், அதில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தோம். சில சான்றிதழில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நல்லவேளை, இதில் பெயர் இருந்தது. அடுத்து ஆதார். ஐந்து வயதுக்குள் என்றால் கைரேகை தேவையில்லை, தாயோ தகப்பனோ ஆதாரோடு கூடப் போனால் போதும். ஆதார் வந்ததும் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் உறுப்பினர் சேர்க்க விண்ணப்பம் போட்டோம். இ-சேவை மையத்திலும் போடலாம். பிறகு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். விண்ணப்ப எண்ணையும் எக்கோ ரிப்போர்ட்டின் நகலையும் காட்டி, குழந்தைக்கு ஆபரேஷன் இருக்கிறது என்று சொன்னோம். சொன்னால் பார்க்கிறார்கள். சொல்லாமல் வரிசையில் கிடக்கிற விண்ணப்பத்துக்கு அவசரம் இருப்பது யாருக்கும் தெரியாது. கார்டில் பெயர் ஏறியதும் காப்பீட்டு மையத்தில் அதைக் காட்டிக் குழந்தையைச் சேர்த்தோம். எல்லாம் முடிய மூன்று வாரம் பிடித்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு ரூபாய் செலவில்லை, பஸ் காசும் சாப்பாடும்தான்.

அந்த மூன்று வாரமும் அந்த அம்மா தூங்கியிருக்க மாட்டார். குழந்தை பிறந்த வருடமே பெயரைச் சேர்த்திருந்தால் அந்த மூன்று வாரம் இருந்திருக்காது. அதனால்தான் இப்போது பிறப்புச் சான்றிதழ் நகல் எடுக்க யார் வந்தாலும், "ரேஷன் கார்டில் சேர்த்தாச்சா?" என்று கேட்டுவிடுகிறேன்.

பெயர் விடுபடுகிறவர்களில் அடுத்தது மருமகள்கள். கல்யாணமாகி வந்து ஐந்து வருடம் ஆனாலும் பெயர் பிறந்த வீட்டு கார்டிலேயே இருக்கும். அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். "அங்க அரிசி குறையும்னு அப்பா வேணாங்கிறார்" என்று ஒரு பெண் சொன்னார். அந்த அப்பாவிடம் நானே போனில் பேசினேன். பிரசவத்திலோ அதற்குப் பிறகோ பெண்ணுக்கு ஒன்று என்றால் அவள் எந்தக் குடும்பத்து ஆள் என்பதற்கு இந்த கார்டுதான் சாட்சி என்றேன். அடுத்த வாரம் நீக்கல் நடந்தது. மூன்றாவது, தனியாக வாழும் வயதானவர்கள். மகன் கார்டில் பெயர் இருக்கும், ஆனால் மகன் பேசுவதில்லை, கார்டும் கையில் இல்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் தங்கள் பெயரில் தனி கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். நாளாகும். ஆனாலும் தொடங்கிவிடுங்கள்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் ராஜாமணி, ஆதாரில் ராஜமணி. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் கணவர் பெயர் பின்னால். பிறந்த தேதி ஒன்றில் 1958, மற்றதில் 1963. சின்ன எழுத்துப்பிழையைப் பல நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள். பெயரே வேறு ஆள் மாதிரி இருந்தால் நிறுத்திவிடுவார்கள். பாட்டிமார்கள் வீட்டில் கூப்பிடும் பெயரைக் கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். திருத்த வேண்டியிருந்தால், எது சரியோ அதற்கு ஏற்ப மற்றதைத் திருத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் ஒன்றுக்கு மற்றதை ஆதாரமாகக் காட்ட முடியாமல் நடுவில் நிற்க வேண்டி வரும்.

அடுத்து வருமானச் சான்று. காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. எங்களைப் போன்ற கடைகளில் கிடைக்கும். அதை நிரப்பி, ரேஷன் கார்டு நகல் வைத்து, வி.ஏ.ஓ.விடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி எடுத்த வருமானச் சான்றிதழ் கையில் இருந்தால் அதையும் காட்டலாம். வி.ஏ.ஓ. எந்த நாளில் எந்தக் கிராமத்தில் இருப்பார் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஒருவரிடம் இரண்டு மூன்று கிராமம் இருக்கலாம். பூட்டிய அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும்.

வருமானம் என்ன என்று கேட்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். "தினம் 700 ரூபா சம்பளம்" என்கிறார் கட்டட வேலை செய்கிறவர். அப்படியே எழுதி 365-ஆல் பெருக்கினால் இரண்டரை லட்சம் வந்து நிற்கும். ஆனால் அவருக்கு வேலை தினமுமா இருக்கிறது? மழை, மணல் வராத நாள், இடுப்பு வலி எல்லாம் போக மாதத்துக்கு 14 நாள் என்றால் 9,800 ரூபாய். வருடத்துக்கு 1,17,600. நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையான கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கையில் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்று கேளுங்கள், அவரே எண்ணிச் சொல்லிவிடுவார். வீட்டில் இன்னொருவரும் சம்பாதித்தால் அதையும் சேர்க்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் தாண்டியதுதான். அதையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி கலெக்டர் ஆபீஸ். ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் அலுவலக வளாகத்தில் காப்பீட்டு மையம் இருக்கிறது. ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று. மூன்றிலும் அசலும் நகலும் கொண்டு போக வேண்டும். குடும்பத் தலைவர் கட்டாயம் போக வேண்டும், முடிந்தால் எல்லோரும் போவது நல்லது. படமும் கைரேகையும் எடுப்பார்கள். களை எடுத்து, செங்கல் தூக்கித் தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு விரலாக முயலச் சொல்லுங்கள். ஆதாருக்கும் ரேகை விழாதவர் என்று முன்பே தெரிந்தால், ஆதார் மையத்தில் புதுப்பித்துவிட்டுப் போவதே மேல்.

எங்கள் பக்கத்திலிருந்து போவதென்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். பச்சைமலையிலிருந்து வருகிறவர்கள் முதலில் மலை இறங்க வேண்டும், அவர்களுக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். அதனால் தனித்தனியாக அனுப்பாமல் நான்கைந்து குடும்பத்தை ஒன்றாகச் சேர்த்துப் போவது என் வழக்கம். யாராவது ஒருவர் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள், மாவட்டமே அங்கே இருக்கும். காலையில் மையம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கரண்ட் போனாலும், கணினி நின்றாலும் மதியத்துக்குள் சரியாக நேரம் இருக்கும்.

கலெக்டர் ஆபீஸ் வரை போக முடியாதவர்களுக்கு முகாம் ஒரு நல்ல வாய்ப்பு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் மருத்துவ முகாம்களில் காப்பீட்டுப் பதிவுக்கும் ஏற்பாடு இருந்தது. முகாம் என்றால் வெறுங்கையோடு போகிறார்கள், அங்கேயும் இதே மூன்று காகிதம்தான் கேட்பார்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு எண் கிடைக்கும். அதை எழுதிக்கொள்ளாமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள். அட்டையைத் திட்டத்தின் இணையதளத்திலேயே ரேஷன் கார்டு எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். முகவரி சிஎம்சிஹெச்ஐஎஸ்டிஎன் டாட் காம். "எங்களுக்கு அட்டை இருக்கா இல்லையான்னே தெரியலை" என்கிறவர்களுக்கும் முதலில் அங்கே தேடிப் பாருங்கள். 2012-ல் அப்பா எடுத்து வைத்தது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் அங்கே பதிவில் கிடக்கும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. இதைச் செல்போனில் பதிந்து கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டுப் பிள்ளையின் போனிலும் பதியுங்கள்.

இனி ஆஸ்பத்திரி. அட்டை எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில், அட்டை எதற்குச் செல்லாது என்று சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்கு ஊசி போட, சர்க்கரைக்கு மாத்திரை வாங்க இது உதவாது. படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் இது. இதய ஆபரேஷன், புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு, டயாலிசிஸ், மூட்டு மாற்று இப்படி. சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று, காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவி போன்ற பெரிய செலவுகளுக்கும் திட்டத்தில் வழி உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். இதை முன்பே சொல்லாவிட்டால், மாத்திரைக்கு அட்டையை நீட்டிவிட்டு "இது ஒண்ணுக்கும் ஆகாது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, எல்லாத் தனியார் மருத்துவமனையிலும் செல்லாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். சேர்ந்ததிலும் எல்லாப் பிரிவுக்கும் இருக்காது. எலும்புக்குச் சேர்ந்திருப்பார்கள், இதயத்துக்குச் சேர்ந்திருக்க மாட்டார்கள். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கிளம்பும் முன் அந்த 1800 எண்ணுக்குப் போன் செய்து, "இந்த வியாதிக்கு, இந்த மாவட்டத்தில் எங்கே?" என்று கேட்டுவிடுங்கள். இணையதளத்திலும் பட்டியல் இருக்கிறது.

மூன்றாவது, இதை நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்வேன்: முன்பணம் கட்டும் முன் அட்டையைக் காட்டுங்கள். கட்டிய பிறகு அட்டையைக் காட்டினால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உள்ளே நுழைந்ததும் காப்பீட்டுப் பிரிவு எங்கே, திட்டத்தின் தொடர்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றின் அசலையும் கொடுத்துக் காட்டுங்கள், நகலை மட்டும் விட்டுவிட்டு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை முன் அனுமதி கேட்டு அனுப்பும். அனுமதி வந்த பிறகுதான் சிகிச்சை திட்டத்தின் கணக்கில் வரும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் போன் வழியாகவே அனுமதி வாங்க அவர்களுக்கு வழி இருக்கிறது, "அவசரம்னு போட்டு அனுப்புங்க" என்று கேளுங்கள். எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகைக்கு அனுமதி வந்தது என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

அனுமதித்த சிகிச்சைக்கு மேல் தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள். ரசீது தர மாட்டேன் என்றால் அங்கேயே நின்று 1800 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வாசலுக்குப் போய்ப் பேச வேண்டாம், கவுண்டருக்கு முன்னாலேயே பேசலாம். முதல்வரின் உதவி எண் 1100 இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவும் கொடுக்கலாம். சண்டை போடத் தேவையில்லை. எண்ணும் தேதியும் பெயரும் குறித்து வைத்துக்கொண்டு கேட்கிறவரிடம் யாரும் கத்துவதில்லை, இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ஜிஹெச்சுல எல்லாம் இலவசம்தானே, அங்க எதுக்கு அட்டை?" என்று கேட்பார்கள். அங்கேயும் கொடுங்கள். அட்டையைப் பதிந்தால் அந்தச் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கே போகிறது. கருவியும் உபகரணமும் வாங்க அந்தப் பணம் அவர்களுக்கு உதவுகிறது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நாங்கள் கூட்டிப் போனவர்களிடம் நன்றாகவே பேசினார்கள்.

அட்டையே இல்லை, ஆள் உள்ளே படுத்திருக்கிறார் என்றால்? பதற வேண்டாம். மருத்துவமனையில் சேர்த்திருப்பதற்கான கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஒருவர் வி.ஏ.ஓ.விடம் ஓட வேண்டும், பிறகு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்கு. கடிதத்தைக் காட்டி அவசரம் என்று சொல்லுங்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்துக்கு அன்று மாலையே எண் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நோயாளியோடு, ஒருவர் காகிதத்தோடு. இரண்டு பேர் இல்லாத வீட்டுக்கு அந்த இரண்டாவது ஆளாக நீங்கள் போகலாம். சாலை விபத்து என்றால் வழி வேறு. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதற்குக் காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. 108-ல் ஏற்றிவிட்டு, அந்த 48 மணி நேரத்துக்குள் மற்ற காகிதங்களைத் தயார் செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. நான் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். கூட்டிப் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். குடும்பத் தலைவர் பெயர், காப்பீட்டு எண், ரேஷன் கார்டு எண், வீட்டில் இருக்கிற ஆட்கள், யார் பெயர் இன்னும் சேரவில்லை. எழுதும் முன் அவர்களிடம் சம்மதம் கேட்டுக்கொள்வேன். ஆதார் எண்ணை எழுதுவதில்லை, யாருடைய ஆதார் நகலையும் கடையில் வைத்துக்கொள்வதில்லை. நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டு வீட்டில் மழைக்கு அட்டை நனையும், எலி கடிக்கும், வீடு மாறும்போது தொலையும். எண் வேறு ஓரிடத்திலும் இருக்க வேண்டும். தை மாதம் பொங்கல் முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வேன். பிள்ளை பிறந்ததா, கல்யாணம் ஆனதா, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்பேன். பெயர் மாற்றம் இருந்தால் ரேஷன் கார்டில் அப்போதே வேலையைத் தொடங்கிவிடுவோம்.

போன கார்த்திகையில் ஓர் இரவு 11 மணிக்கு மேல் போன் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமத்து அண்ணன் ஒருவர், பால் கறந்து ஊற்றுகிறவர். மனைவிக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸில் திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவசரத்தில் பையை வீட்டிலேயே விட்டுவிட்டார். "பாப்பா, அந்த நம்பர் உங்கிட்ட இருக்குமாம்மா?" என்றார். அவர் பின்னால் சைரன் கேட்டது. நோட்டை எடுத்தேன், 43-ஆம் பக்கம். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னபடி ஆம்புலன்ஸ் தம்பியிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.